பதினொரு திகதிகள்

லூயிஷாம் சிவன் கோவிலுக்குப் போகும் வழியில் ஒரு பலசரக்குக் கடை இருக்கிறது. அதன் பின்னறையில், அரிசி மூட்டைகளுக்கும் குளிர்பெட்டிக்கும் நடுவே ஒரு கணினியை வைத்துக்கொண்டு சூசைதாசன் கல்வெட்டு செய்கிறார். ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்களின் கையில் கொடுத்துவிடும் சிறு புத்தகம்தான் கல்வெட்டு. அட்டையில் படம். முதற்பக்கத்தில் இறந்த திதியைச் சொல்லும் வெண்பா. பிறகு தேவாரம், வாழ்க்கை வரலாறு, வம்சாவழி, நன்றி. வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் வைப்பார்கள். அடுத்த வருடம் அதே திதியில் திவசம் கொடுக்க அது வேண்டும்.

சூசைதாசன் பேசாலைக் கத்தோலிக்கர். திதி அவருக்குத் தொழிலால் வந்தது. ஆங்கிலத் திகதியைச் சொன்னால் பஞ்சாங்கத்தைப் புரட்டி ஒரு நிமிடத்தில் மாதம், பட்சம், திதி மூன்றையும் சொல்லிவிடுவார். வயது அறுபத்திரண்டு. பதினேழில் மன்னாரில் கோவில் அச்சகம் ஒன்றில் அச்சு எழுத்துக் கோக்கப் பழகினார். இருபத்து மூன்றில் இயக்கத்துக்குப் போனார். முப்பதில் குரோய்டனில் அகதி விண்ணப்ப அலுவலகத்தின் வரிசையில் நின்றார். யாருடைய கொலையிலாவது உமக்குப் பங்கு உண்டா என்று அதிகாரி கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் கேட்டார். இல்லை என்றார் சூசைதாசன். பிறகு பதினாறு வருடம் பெற்றோல் நிலையம், முதுகு நோவு, இந்த அறை.

2023 ஐப்பசியில் ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள்.

"அங்கிள், கல்வெட்டு செய்யிறது நீங்கள்தானே? அப்பாவுக்கு ஒண்டு வேணும்."

"ஆழ்ந்த அனுதாபம் பிள்ளை. எப்ப மோசம் போனவர்?"

"ஐயோ, நோ, நோ. அப்பா பக்கத்திலதான் இருக்கிறார். அவர்தான் எடுக்கச் சொன்னவர். ஹோல்ட் ஓன், குடுக்கிறன்."

தொலைபேசி கைமாறியது. ஒரு இருமல்.

"நீர் செய்த கல்வெட்டு ஒண்டைப் பாத்தனான். ஆறாம் பக்கத்தில ரெண்டு பிழை. மற்றும்படி பரவாயில்லை. நாளையிண்டைக்கு சட்டனில எங்கட வீட்டுக்கு வாரும்."

சூசைதாசன் கதிரையில் இருந்தபடியே முதுகை நிமிர்த்தினார். முப்பத்தேழு வருடத்துக்குப் பிறகும் அந்தக் குரலுக்கு முதுகு தானாக நிமிர்ந்தது. அதற்காகத் தன் மேலேயே அவருக்கு வெறுப்பு வந்தது.

அது பெரியதோழரின் குரல்.

*

பெரியதோழரின் சொந்தப் பெயர் பாலேந்திரா. காங்கேசன்துறைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நேரக்காப்பாளராக இருந்தவர். யார் எத்தனை நிமிடம் பிந்தி வந்தார்கள் என்று சிவப்பு மையால் எழுதுவது வேலை. தொழிற்சங்கத்தில் சேர்ந்தார். கட்சிக்குப் போனார். கட்சி புரட்சி செய்யாது என்று சொல்லி ஐந்து பேருடன் வெளியே வந்து முன்னணியைத் தொடங்கினார். எண்பத்து மூன்று யூலைக் கலவரத்துக்குப் பிறகு இளம் பெடியள் முதலில் கிடைத்த வள்ளத்தில் ஏறினார்கள். எந்த இயக்கத்தின் வள்ளம் என்று கடலுக்கு நடுவில்தான் பலருக்குத் தெரிந்தது. முன்னணியின் வள்ளங்களில் வந்து சேர்ந்தவர்கள் நானூறு பேர். இராமநாதபுரக் கரையோரம் ஒரு சவுக்குத் தோப்பில் முகாம்.

நன்றாகப் பேசுவார். வலை இழுக்கிறவனுக்கு மீனில் எத்தனை பங்கு என்று அவர் முதல் நாள் கேட்டபோது சூசைதாசனுக்குத் தன் அப்பாவின் உள்ளங்கை ஞாபகம் வந்தது. கண் கலங்கியது. அந்தக் கண்ணீர் உண்மையானது. பின்னாளில் அதை அவர் மறுத்ததில்லை.

மத்திய குழுவில் ஆறு பேர் இருந்தார்கள். ஒரு வருடத்தில் ஒருவர் ஐரோப்பாவுக்குப் போனார். ஒருவர் கடலில் விழுந்துவிட்டார் என்றார்கள். இருவர் எதிரிகள் என்று தெரியவந்தது. ஒருவர் வாய் திறப்பதை நிறுத்தினார். மிஞ்சியவர் பெரியதோழர்.

ஊர்க் கடிதங்களை அவர் வாசித்த பிறகுதான் மற்றவர்கள் வாசிக்கலாம். சாமிப்படம் கூடாது, செபமாலை கூடாது. சனிக்கிழமைகளில் சுயவிமர்சனக் கூட்டம். ஒவ்வொருவனும் எழும்பித் தன் பிழையைச் சொல்ல வேண்டும். தன் பிழை போதாவிட்டால் பக்கத்தில் இருப்பவனுடையதைச் சொல்ல வேண்டும். தோப்பின் கடைசியில் நாலாம் கொட்டில். அங்கே கொண்டுபோகப்பட்டவனின் பெயரை வரவுப் பட்டியலில் சிவப்பு மையால் வெட்டுவார். வெட்டிய பெயரை உச்சரிப்பது குற்றம். இரவில் சத்தம் கேட்டால் காலையில் யாரும் கேட்டதில்லை.

சூசைதாசனை அச்சுக் கொட்டிலில் விட்டார்கள். முகாமின் வாரத்தாளை அவர்தான் எழுத்துக் கோத்தார். நாலாம் கொட்டிலுக்குப் போனவர்களின் வாக்குமூலங்களும் அதில் வரும், எல்லாமாகப் பதினொன்று. எல்லாம் ஒரே வசனத்தில் தொடங்கும்: நான் மக்களின் எதிரி. வேறுவேறு ஆட்கள் எப்படி ஒரே மாதிரி எழுதுகிறார்கள் என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. கையெழுத்துப் பிரதி சிவப்பு மையில் வரும். அதைப் பற்றியும் கேட்கவில்லை.

1986 பெரிய வெள்ளி. சூசைதாசன் ஒருவருக்கும் சொல்லாமல் உபவாசம் இருந்தார். காலையில் ஒரு வாக்குமூலம் வந்தது. கீழே குலசிங்கம், கரவெட்டி என்றிருந்தது. அவர் தாளிலிருந்து தலையைத் தூக்கினார். பத்து யார் தூரத்தில் சமையல் கொட்டில் வாசலில் குலசிங்கம் குந்தியிருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். ஏதோ பாட்டு.

கொஞ்ச நேரத்தில் அவனே எழும்பி வந்தான்.

"ஒய் சூசை, இண்டைக்கு நீ ஒண்டும் தின்னமாட்டாய் எண்டு எனக்குத் தெரியும். பயப்பிடாத, சொல்லமாட்டன். பின்னேரம் உனக்குக் கஞ்சி எடுத்து வைக்கிறன். உந்தக் கள்ளச் சாமியார் முகத்தை மட்டும் கொஞ்சம் மாத்து, பிடிபடப் போறாய்."

தாள் எழுத்துத் தட்டின் கீழே இருந்தது. சூசைதாசன் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். சவுக்குத் தோப்புக்கு அப்பால் தெரு. தெருவில் பஸ் ஓடியது. ஒரு வார்த்தை போதும். அவர் சிரித்தார். குலசிங்கமும் சிரித்துவிட்டுப் போனான்.

மாலையில் கஞ்சி வந்தது. அப்போது பக்கம் முழுவதும் கோத்து முடிந்திருந்தது. அடுத்த நாள் கூட்டத்தில் அச்சடித்த தாளை வாசித்தார்கள். குலசிங்கத்தை நாலாம் கொட்டிலுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே எத்தனை நாள் வைத்திருந்தார்கள், எப்போது முடித்தார்கள் என்று சூசைதாசனுக்குத் தெரியாது. தெரிந்தவர் ஒருவர்தான்.

*

குலசிங்கத்தின் அக்கா கனகாம்பிகை லூயிஷாமில் கவுன்சில் தொடர்மாடி ஒன்றில் இருக்கிறார். எழுபத்து நாலு வயது. வெள்ளிக்கிழமைகளில் கோவிலுக்கு வந்துவிட்டு, கடையில் கத்தரிக்காயைக் குறை சொல்லிவிட்டு, பின்னறைக்குள் தலையை நீட்டுவார்.

"சூசை, நீங்களும் முன்னணிதானே. எங்கட குலத்தைக் கண்டதேயில்லையோ?"

"நான் வேற முகாம் அக்கா."

பன்னிரண்டு வருடமாக அதே கேள்வி, அதே பதில். அம்மா கண்மூடும்வரை திவசம் கொடுக்கவில்லை என்று ஒருமுறை சொன்னார். திகதி தெரியாமல் எதை வைத்துக் கொடுப்பது? ஏதாவது ஒரு அமாவாசையில் செய்யலாம் என்று ஐயர் சொன்னாராம். "குத்துமதிப்பாச் சாகிறதுக்கு அவன் என்ன தெரு நாயோ?" என்று கேட்டுவிட்டு வந்தாராம்.

பாலேந்திராவின் அழைப்பு வந்த அன்று பின்னேரம் சூசைதாசன் தன் மனைவி பியற்றிஸிடம் பாலேந்திராவைப் பற்றிச் சொன்னார். பியற்றிஸ் ஆஸ்பத்திரிச் சமையலறை வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அவனுக்குக் கல்வெட்டு எழுதப் போறியளோ? சொட்டு வெக்கமில்லையோ உங்களுக்கு?"

"போகத்தான் போறன்."

"ஏன், திரும்பவும் அவனுக்கு எடுபிடி வேலை செய்யவோ?"

"அவனிட்ட பதினொரு திகதி இருக்கு. அதை எடுக்கவேணும்."

பியற்றிஸ் ஒரு சப்பாத்துடன் அப்படியே இருந்தார். "கேட்டால் தருவானோ?"

"கேட்டால் தரமாட்டான்."

*

சட்டனில் பாலேந்திராவின் வீடு ஸ்டேசனிலிருந்து பத்து நிமிட நடை. பின்பக்கம் கண்ணாடி அறை. ஒரு சாய்கதிரை, கால்களுக்கு மேல் கம்பளி, மருந்துப் பெட்டி. ஈரலில் புற்று. டொக்டர் ஒரு வருடம், கூடினால் ஒன்றரை என்றிருந்தார். மகள் தக்ஷிகா பல் வைத்தியர். முப்பத்து மூன்று வயது. அப்பாவின் பெயரை இணையத்தில் தேட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதேயில்லை.

"அப்பாக்கு எல்லாம் தானே செய்யவேணும், அங்கிள். டெத்துக்கும் புரூப் பாக்கப் போறாராம்."

பாலேந்திரா சிரித்தார். சூசைதாசனை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. முகாமிலும் அவர் அச்சுக் கொட்டிலுக்குள் வந்ததில்லை.

சொல்லச் சொல்ல சூசைதாசன் எழுதினார். பிறந்த ஊர், கல்லூரி, தொழிற்சாலை, தொழிற்சங்கம்.

"எண்பத்து மூண்டிலையிருந்து எண்பத்தேழு மட்டும் என்ன போடுறது, ஐயா?"

"சமூகப்பணி எண்டு போடும்."

"நாலு வருசத்துக்கு ஒரு சொல்லோ?"

"நல்ல சொல்லெண்டா ஒண்டு காணும்."

முதல் அச்சுப்படியைக் கொண்டுபோனபோது பாலேந்திரா சிவப்புப் பேனாவை எடுத்து இருபத்து மூன்று திருத்தம் செய்தார். கை நடுங்கியது, எழுத்து நடுங்கவில்லை. தன் சித்தப்பா இறந்த நாள் ஒரு நாள் பிந்தியிருந்ததைக்கூடப் பிடித்தார். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் 'பா' என்று ஒப்பமிட்டார். மகளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "நான் ஒப்பம் வைச்ச பிறகு ஒரு எழுத்தும் மாறக்கூடாது. பிழையை அச்சில விடுறவன் எல்லாத்திலயும் பிழை விடுவான்."

அந்த வசனத்தை சூசைதாசன் முன்பு கேட்டிருந்தார். தோப்பில், ஒரு சனிக்கிழமை.

"ஐயா, ஒரு யோசினை. அந்த நாலு வருசம் வெறுமையாக் கிடந்தா சனம் தங்கடபாட்டில கதை கட்டும். அந்தக் காலத்தில தோழர்மார் கொஞ்சப்பேர் வருத்தத்தில, விபத்தில மோசம் போயிருப்பினம். அவைக்கு அஞ்சலி எண்டு நீங்கள் ஒரு பக்கம் போட்டா கதையே எழும்பாது."

பாலேந்திரா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டத்தில் ஒரு அணில் வேலியில் ஓடிப் போனது.

"நீர் விசயம் தெரிஞ்ச ஆள்தான்," என்றார் கடைசியில். "எழுதும்."

பெயர்களைச் சொன்னார். ஒன்றுக்கும் நின்று யோசிக்கவில்லை. பெயர், ஊர், பிறகு சாவுக்குக் காரணமான வருத்தம். வருத்தத்துக்கு மட்டும் சற்று நிறுத்தினார், கடைக்காரன் எந்தச் சீலையை எடுத்துக் காட்டலாம் என்று பார்ப்பதைப் போல.

"இவன் மலேரியா. இவன்... கிணத்துக்க விழுந்தவன் எண்டு போடும். இவனும் மலேரியா. ரெண்டு மலேரியா காணும். அடுத்தவனுக்குப் பாம்பு."

பதினோராவதாகச் சொன்னார்: "குலசிங்கம். கரவெட்டி. செங்கமாரி."

காமாலை நோய்க்கு ஊரில் சொல்லும் அந்தச் சொல்லை, செங்கமாரி என்று, சூசைதாசன் எழுதினார். பேனா தாளில் ஓட்டை போட்டுவிட்டது.

"திகதியள், ஐயா?"

"திகதி வேண்டாம். வருசம் மட்டும்."

குறிப்புப் புத்தகத்தை மூடினார் சூசைதாசன். தக்ஷிகா தேத்தண்ணி கொண்டுவந்தாள். குடித்தார். நன்றாக இருக்கிறது பிள்ளை என்றார்.

*

அடுத்த அச்சுப்படியில் அஞ்சலிப் பக்கத்தைச் செய்துகொண்டு போனார். பதினொரு பெயர், பதினொரு ஊர், பதினொரு வருத்தம். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு திகதி. எல்லாம் அவர் கண்ணை மூடிக்கொண்டு போட்டவை. குலசிங்கத்துக்கு யூன் 11 என்று போட்டிருந்தார்.

பாலேந்திரா மற்றப் பக்கங்களை முடித்துவிட்டு அந்தப் பக்கத்துக்கு வந்தார்.

"திகதி வேண்டாமெண்டெல்லோ சொன்னனான்."

"கல்வெட்டில திகதி இல்லாட்டி வடிவில்லை ஐயா. ஆருக்குத் தெரியப்போகுது? நானே ஒரு குத்துமதிப்பாப் போட்டனான்."

"குத்துமதிப்பா?"

"ஓம். அப்பிடியே விட்டிடுவம்."

பாலேந்திரா தாளை முழங்காலில் வைத்தார். பக்கத்தைத் திருப்பினார். மீண்டும் திருப்பிக்கொண்டு வந்தார். அவருடைய கட்டைவிரல் பேனாவின் மூடியைத் தள்ளுவதும் போடுவதுமாக இருந்தது. நேரக்காப்பாளர் வேலையில் பதினொரு வருடம், முகாமில் நாலு வருடம். பிழையான திகதி ஒன்று கண்முன்னே கிடக்கிறது. ஒன்றல்ல, பதினொன்று.

சூசைதாசன் தோட்டத்தைப் பார்த்தார்.

"உதென்ன கூத்து," என்றார் பாலேந்திரா. "யூனில நாங்கள் அந்த முகாமிலயே இல்லை."

பேனா இறங்கியது. முதலாவதை வெட்டி மேலே எழுதினார். இரண்டாவதை வெட்டினார். மூன்றாவதில் நின்று, விரலால் ஏதோ எண்ணி, திருப்தியாகத் தலையாட்டிவிட்டு எழுதினார். கிணற்றுக்குள் விழுந்தவனுக்கு 29.4.85. கடைசிக்கு வந்தார். யூன் 11 வெட்டுப்பட்டது. மேலே, தட்டையான தலையுள்ள மூன்றுடன்: 3.4.86.

வருத்தங்கள் ஒன்றையும் அவர் தொடவில்லை. அவை சரியாகத்தான் இருந்தன.

பக்கத்தின் கீழே 'பா' என்று ஒப்பமிட்டார்.

"இப்ப சரி," என்றார்.

ரயிலில் சூசைதாசன் அந்தத் தாளை மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பெரிய வெள்ளிக்குப் பிறகு ஆறாம் நாள். ஆறு நாள் அந்தக் கொட்டிலில் இருந்திருக்கிறான். அந்த ஆறு நாளும் அவர் ஒரு நாளைக்கு இரண்டு தரம் அவ்வழியே தண்ணீர் எடுக்கப் போயிருக்கிறார்.

*

பிரதி எடுத்துக் குடும்பங்களைத் தேட மார்கழி வந்துவிட்டது. மற்றப் பத்தில் ஆறு அகப்பட்டன, நாலை இன்னும் தேடிக்கொண்டிருந்தார். பாரிசில் ஒரு தம்பி, ரொறன்ரோவில் இரண்டு வீடு, ஊரில் ஒரு விதவை, ஈஸ்ட் ஹாமில் ஒரு மகள், நோர்வேயில் ஒரு தங்கை. ஒவ்வொருவருக்கும் தாளின் பிரதி, அத்தோடு அந்தத் திகதியின் திதி, கையெழுத்தின் சொந்தக்காரர் யார், இப்போது எங்கே இருக்கிறார். கடைசி வரியில் தன் பெயரையும் செய்த வேலையையும் எழுதினார்: இவருடைய வாக்குமூலத்தை அச்சுக் கோத்தவன் நான்.

கனகாம்பிகையிடம் நேரில் போனார். வாசலில் நின்றே சொல்லத் தொடங்கிவிட்டார். உள்ளே வரச் சொன்ன பிறகு வார்த்தை வராது என்று பயம். சிவப்பு மைப் பிரதி, எழுத்துத் தட்டு, வெங்காயம், சிரிப்பு, எல்லாவற்றையும் சொன்னார்.

கனகாம்பிகை கதவைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"வேற முகாம் எண்டு சொன்னனீங்கள்."

"ஓம் அக்கா."

"பன்னிரண்டு வருசம்."

"ஓம்."

"அண்டைக்கு அவன் கஞ்சி கொண்டந்து தந்தவனோ?"

"தந்தவன்."

"குடிச்சனீங்களோ?"

சூசைதாசன் நிலத்தைப் பார்த்தார். "குடிச்சனான்."

கனகாம்பிகை தாளைப் பிடுங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். மூன்று மாதம் கோவிலுக்குப் போகும்போது தெருவின் மற்றப் பக்கத்தால் போனார். சூசைதாசனும் ஒருமுறைகூட எழும்பிப் போய்க் கூப்பிடவில்லை. சட்டனிலிருந்து தக்ஷிகா இரண்டு தரம் அழைத்தாள். வேலை முடியவில்லை பிள்ளை, அப்பாவைக் கவனமாகப் பார்த்துக்கொள் என்றார். அதை அவர் மனதாரச் சொன்னார். அந்த மனிதர் அதற்குள் செத்துப்போகக் கூடாது.

*

குலசிங்கத்தின் திதியான பங்குனி அபரபட்ச (தேய்பிறை) நவமி 2024இல் ஏப்பிரல் இரண்டாம் திகதி வந்தது. உயிர்த்த ஞாயிறு முடிந்து இரண்டாம் நாள். காலையில் கனகாம்பிகை அழைத்தார்.

"பத்தரைக்குக் காரைக் கொண்டு வாங்கோ. வரேக்க ஒண்டும் சாப்பிடாதேங்கோ."

வீடு முழுவதும் நெய் மணம். சுவரில் பத்தொன்பது வயதுக் குலசிங்கத்தின் படம். அதற்கு முதல் தரம் மாலை போட்டிருந்தார். படத்தின் முன் இலையில் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், முருங்கைக்காய், வடை, பாயாசம். கோவிலில் செய்ய வேண்டியதை விடியவே முடித்துவிட்டு வந்திருந்தார்.

சூசைதாசனை நிலத்தில் இருத்தினார். இலை போடவில்லை. ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தார். கஞ்சி.

"முதல் இதைக் குடியுங்கோ."

அவர் எடுத்தார். ஒரு மிடறு குடித்தார். மேலே நிமிர்ந்து பார்த்தார். கனகாம்பிகை அசையாமல் நின்றார்.

"முழுக்க."

குடித்து முடித்தார். அதன் பிறகு இலை வந்தது. எல்லாவற்றையும் கனகாம்பிகை தன் கையால் போட்டார். சூசைதாசன் தின்று முடித்து எழும்பும்வரை சுவரோடு சாய்ந்து நின்று பார்த்தார்.

பிறகு வாழையிலையில் ஒரு பார்சல் கட்டினார்.

"இனிச் சட்டன்."

*

கதவைத் திறந்தது தக்ஷிகா. ஈஸ்டர் விடுமுறையில் வீட்டில் நின்றாள்.

"அங்கிள்! கல்வெட்டு முடிஞ்சுதோ?"

"இது கனகாம்பிகை அக்கா, பிள்ளை. அப்பாவைப் பாக்க வந்தவ."

"என்ர தம்பியின்ர திவசம் இண்டைக்கு," என்றார் கனகாம்பிகை. "உங்கட அப்பாவின்ர இயக்கத்தில இருந்தவன். சாப்பாடு கொண்டந்தனான்."

"ஓ ஆன்ட்டி, சோ நைஸ் ஒவ் யூ. உள்ள வாங்கோ. அப்பா, உங்கட பிறென்டின்ர அக்கா வந்திருக்கிறா!"

பாலேந்திரா மெலிந்திருந்தார். கண் மட்டும் அப்படியே. கனகாம்பிகை எதிரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். கைப்பையிலிருந்து தாளை எடுத்து அவருடைய கம்பளியின் மேல் விரித்தார்.

"இது உங்கட எழுத்தோ?"

அவர் கண்ணாடியைத் தேடவில்லை. தக்ஷிகாதான் குனிந்து பார்த்தாள்.

"அப்பாட எழுத்துத்தான். அந்த மூண்டைப் பாருங்கோ, வேற ஆரும் அப்பிடிப் போடமாட்டினம். என்னப்பா இது?"

"அஞ்சலிப் பக்கம்," என்றார் பாலேந்திரா. அவர் சூசைதாசனைப் பார்த்தார். இந்த முறை பார்வை நகரவில்லை. "நீர் ஆர்?"

"முகாமில எழுத்துக் கோத்தவன்."



"அப்ப உமக்கும் இதில பங்கிருக்கு," என்றார் பாலேந்திரா. குரலில் பழைய மிடுக்கு வந்தது.

"ஓம். நான் என்ர பங்கைச் சாப்பிட்டிட்டுத்தான் வாறன்."

கனகாம்பிகை பார்சலை அவிழ்த்தார். இலை விரிந்தது. கத்தரிக்காய்க் கறியின் மணம் கண்ணாடி அறையெங்கும் பரவியது.

"எனக்குப் பசியில்லை," என்றார் பாலேந்திரா.

"அப்பா!" தக்ஷிகா வெட்கப்பட்டாள். "ஆன்ட்டி லூயிஷாமில இருந்து கொண்டந்திருக்கிறா. திவசச் சாப்பாடு, வேண்டாமெண்டு சொல்லக்கூடாது. நீங்கள்தானே சொல்லித் தந்தனீங்கள்? கொஞ்சமாவது."

அவள் கரண்டி எடுத்துவந்து சோற்றையும் கறியையும் குழைத்தாள். கரண்டியை அவருடைய வாயருகே கொண்டுபோனாள். பாலேந்திரா மகளின் முகத்தைப் பார்த்தார். வேண்டாம் என்றால் ஏன் என்று அவள் கேட்பாள். கனகாம்பிகை பதில் சொல்வார். அதற்காகத்தான் அந்தக் கதிரையில் அவர் இருக்கிறார்.

வாயைத் திறந்தார்.

"தம்பிக்குக் கத்தரிக்காய் எண்டால் உயிர்," என்றார் கனகாம்பிகை. "செங்கமாரி வந்தவனுக்கு எண்ணெய் கூடாதெண்டு நீங்கள் அண்டைக்குக் குடுத்திருக்கமாட்டியள்."

அவர் விழுங்கினார். கண்ணில் நீர் வந்தது. இருமல் நீர்தான். தக்ஷிகா துடைத்துவிட்டு அடுத்த கரண்டியைக் குழைத்தாள். இலையில் கால்வாசி முடியும்வரை கனகாம்பிகை எழும்பவில்லை.

வாசலில் தக்ஷிகா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "தாங்ஸ் ஆன்ட்டி. அப்பாவைப் பாக்க ஒருத்தரும் வாறேல்லை. திரும்ப வாங்கோ."

"நான் வாற வருசம்தான் வருவன், பிள்ளை. ஆனால் ஏப்பிரல் பதினெட்டாம் திகதி பாரிசிலையிருந்து ஒருத்தர் வருவார். அவற்ற தமையன்ர திவசம், அப்பாவுக்குத் தெரிஞ்ச ஆள்தான். அதுக்குப் பிறகு ஆனியில ஈஸ்ட் ஹாமில இருந்து ஒரு பிள்ளை வரும். ஊரில இருந்து ஒருத்தி விசாவுக்குப் போட்டிருக்கிறா."

"எல்லாரும் இயக்கத்து ஆக்களோ?"

"எல்லாரும் அந்தப் பக்கத்தில இருக்கிற ஆக்கள். அந்தத் தாளை வீட்டில வைச்சிருங்கோ. விளங்காட்டி அப்பாவைக் கேளுங்கோ, வடிவாச் சொல்லுவார். திகதி ஒண்டும் மறக்கேல்லை அவர்."

தக்ஷிகா குளிர்பெட்டியின் மேல் ஒட்டியிருந்த கலண்டரில் பதினெட்டாம் திகதியைச் சுற்றி வட்டம் போட்டாள். கையில் அகப்பட்டது அப்பாவின் சிவப்புப் பேனா.

கனகாம்பிகை சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, கண்ணாடி அறை வரை கேட்கும்படி சற்று உரத்துச் சொன்னார்:

"மருந்தெல்லாம் நேரத்துக்குக் குடுங்கோ, பிள்ளை. பதினொண்டும் முடியுமட்டும் அவர் இருக்கவேணும்."